கூரையில் எண்ணிய 36 ஷீட்: சபைச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் பிரியமான போதகர் ஐயா அவர்களுக்கும், சபைச் சங்கத்துப் பெரியவர்களுக்கும், மாதர் சங்கத்து அக்காமார்களுக்கும், வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கைகளுக்கும் என் ஸ்தோத்திரம்.

போன மாதம் கூடிய சங்கத்தில் நம் சபை வாட்ஸ்அப் குழுவைப் பூட்டுவது என்று தீர்மானம் ஆனது. இனி அட்மின்கள் மட்டும்தான் எழுதலாம். ஆராதனை நேரம், அன்றைய வசனம், பிறந்தநாள் வாழ்த்து, காணிக்கைக் கணக்கு, அவ்வளவுதான் வரும். அட்மின் நான் என்பதால் பூட்டியதும் என் விரல்தான். சங்கம் சொன்னதைச் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் ராமகுப்பம் பக்கத்திலிருந்து நம் பாட்டியம்மா பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். போனை முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "பாட்டு போகமாட்டேங்குது தம்பி, மைக்கைக் காணோம். போன் கெட்டுப்போச்சு போல, பார்த்துக் குடு" என்றார். போன் நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அன்று ராத்திரிதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

வெளியூர்க்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், குப்பம் பக்கத்தில் இருக்கிற லுத்தரன் சபையார். ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் கோலார். வீட்டிலும் கோயிலிலும் தமிழ். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, இல்லையென்றால் இங்கிலீஷ். கிராமச் சச்சிவாலயம் என்கிற அரசு ஆபீசுக்குக் கொண்டுபோகிற பேப்பரெல்லாம் தெலுங்கு. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் காதோடு சரி. ஆராதனையில் அடுத்த வரி எது என்று பக்கத்தில் நிற்கிற பெரியவரின் வாயைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். வாலிபர்களில் பாதிப் பேர் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் கதவைச் சாத்தியபோது தொடங்கியது இந்தக் குழு. அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 12. விடியற்கால ஆராதனை கிடையாது என்று எல்லாரும் துக்கமாகப் படுத்திருந்தோம். காலை நாலரை மணிக்குக் குழுவில் முதலில் வந்து விழுந்தது அந்தப் பாட்டியம்மாவின் குரல். மைக்கை அழுத்திப் பிடிக்கப் பேரன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஓர் உயிர்த்தெழுதல் பாட்டு, பின்னால் சேவல் சத்தம், நடுவில் ஒரு இருமல். கேட்டுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு பாட்டு. ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்ட பிள்ளைகள் அதை வைத்துத்தான் ஞானப்பாட்டுகளின் ராகத்தைப் பிடித்தார்கள். அவருக்குத் தமிழும் எழுதத் தெரியாது, தெலுங்கும் தெரியாது. சபையில் அவர் வாய் திறக்க இருந்த இடம் அது ஒன்றுதான்.

சரி, எதற்காகப் பூட்டினோம்? நடந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஆளுக்கொரு விதமாகத் தெரியும். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கோயில் கூரையில் பழைய சிமென்ட் ஷீட்டை எடுத்துவிட்டுக் கலர் ஷீட் போட்டோம். 42 ஷீட் வாங்கியதாக பில். சங்கத் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த பில்லின் போட்டோ குழுவில் வந்தது. கீழே ஒரே ஒரு வரி: "42 ஷீட்டுக்குப் பணம் போயிருக்கு, கோயில்ல எத்தனை இருக்கு, எண்ணிப் பாருங்க."

அடுத்த ஞாயிறு ஐயா பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தீர்கள். நான் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் இருந்தேன். முன்னால் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சிலர் உதடு அசைத்து எண்ணினார்கள். ஒருவர் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். என் பக்கத்தில் இருந்த பையன், "மாமா, எல்லாரும் ஏன் மேலே பாக்கறாங்க?" என்று கேட்டான். 36 ஷீட். யார் எண்ணினாலும் 36தான். நம் பொருளாளர் ஐயா வழக்கம்போல ஜன்னலோரம், காணிக்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் ஒருமுறை மேலே பார்த்தார். அப்புறம் ஆராதனை முடியும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. அதற்கடுத்த பதினொரு ஞாயிறு அவர் கோயிலுக்கு வரவில்லை. பன்னிரண்டாவது வாரம் சாவியையும் கணக்கு நோட்டையும் பேரனிடம் கொடுத்தனுப்பினார்.

திங்கட்கிழமை ராத்திரி அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பகல் முழுக்க ஜெராக்ஸ் எடுக்கிறவன் கண்ணுக்குச் சில விஷயங்கள் தானாகத் தெரியும். இடது மூலையில் ஸ்டேப்ளர் பின். அந்தப் பின்னுக்குக் கீழே, பில்லைவிட ஒரு நூல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டு இன்னொரு தாளின் வெள்ளை ஓரம். இரண்டு தாள் சேர்த்துக் குத்திய பில் அது. போட்டோவில் வந்தது முதல் தாள் மட்டும். தணிக்கைக்காக இரண்டையும் பொருளாளர் ஐயா என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்திருந்தார். கம்ப்யூட்டரில் தேடினேன், இருந்தது. இரண்டாவது தாள் ரிட்டர்ன் பில். முகப்புத் தாழ்வாரத்துக்கும் சேர்த்து அளந்து 42 வாங்கியிருக்கிறார்கள். தாழ்வாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சங்கமே சொன்னதால் 6 ஷீட் கடைக்குத் திரும்பிப் போயிருக்கிறது. அந்தப் பணத்தில் முகட்டுத் தகடும் ஜே போல்ட்டும் எடுத்திருக்கிறார். மிச்சம் 340 ரூபாய்க்குக் காணிக்கை ரசீது கூடப் போட்டிருக்கிறார்.

நான் அதைக் குழுவில் போட்டது புதன்கிழமை. திங்கள் ராத்திரி தெரிந்ததைப் புதன்வரை ஏன் வைத்திருந்தேன் என்றால், தேர்தல் நேரத்தில் எந்தப் பக்கத்து ஆள் என்று என்னைச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அந்த இரண்டு நாளுக்கு நான் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், அவரிடமும் கேட்டிருக்கிறேன். ரிட்டர்ன் பில்லுக்கு மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். முதல் போட்டோ அதற்குள் பெங்களூர், குவைத் எல்லாம் போய், கோலாரில் இருக்கிற என் பெரியப்பா மகன் வழியாக எனக்கே திரும்பி வந்தது, இரட்டை அம்புக்குறியோடு, 'பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது' என்ற அடையாளத்தோடு.

அந்த அம்புக்குறி எதனால் வந்தது என்று வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு ஊர் ஊராக ஓடியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து வந்த 65 வயது அம்மா, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். நம் ஊரிலிருந்து காரில் போனால் அரை நாள் கூட ஆகாத இடம். நம் தெரு முனையிலும் அப்போது தடியோடு ஆட்கள் நின்றார்கள், கம்பளி விற்க வந்த இந்திக்காரரை நிறுத்தி விசாரித்தார்கள். அந்த வருஷம் ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020-ல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். நல்ல வேலைதான். ஆனால் நம் சபைப் போட்டோவை ஒவ்வொருவராக, ஒருவருக்கு ஒருவர் என்றுதான் அனுப்பியிருக்கிறார்கள். பூட்டும் எண்ணிக்கையும் கையைத்தான் தடுக்கும்.

போட்டோ போட்டவரைத் தேடிப் போனேன். மத்தேயு 18-ல் கர்த்தர் சொன்னபடி, நானும் அவரும் தனித்திருக்கையில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் ஒரு பொய்யும் சொல்லலையே, எண்ணிப் பாருங்கன்னுதானே போட்டேன்" என்றார். அவர் சொன்னது நிஜம். பில்லில் 42 நிஜம், கூரையில் 36 நிஜம். ஒரு வார்த்தை கூடப் பொய் கிடையாது. ஆனாலும் ஒரு மனுஷர் பதினொரு ஞாயிறு வீட்டுக்குள் கிடந்தார். இதைத்தான் நாம் லுத்தரன்கள் யோசிக்க வேண்டும் என்று கேட்கிறேன், ஏனென்றால் இதற்கான பதில் நம் கையில் 500 வருஷமாக இருக்கிறது.

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக." நமக்கு இது எட்டாம் கட்டளை. பக்கத்து சி.எஸ்.ஐ. பிள்ளைகள் ஒன்பதாவது என்று எண்ணுவார்கள், பள்ளிக்கூடத்தில் இதற்காகச் சண்டை கூட நடக்கும். நம் சபைப் பிரிவுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தர், விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுக்கிற தம் சிறிய ஞானோபதேசத்தில் இந்தக் கட்டளைக்குச் சொன்ன விளக்கம் பொய் பேசாதே என்பதோடு நிற்கவில்லை. பிறனைக் காட்டிக்கொடுக்காதே, புறங்கூறாதே, அவன் பேரைக் கெடுக்காதே, அவனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல், அவன் செய்கிற எல்லாவற்றுக்கும் நல்ல அர்த்தம் பண்ணு என்கிறார். 42-க்கும் 36-க்கும் நடுவில் இருந்த 6 ஷீட்டுக்கு ஒரு நல்ல அர்த்தம் இருந்தது. அதைக் கேட்க ஒரு போன் போதும். யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

பெரிய ஞானோபதேசத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பிறன் செய்த பாவம் உண்மையாகவே உனக்குத் தெரியவந்தாலும், தீர்ப்புச் சொல்லுகிற பொறுப்பு உன் கையில் இல்லையென்றால், உன் காதைக் கல்லறையாக்கி அதை அதற்குள்ளே புதைத்துவிடு என்கிறார். காதைக் கல்லறையாக்கு! ஜெராக்ஸ் கடையில் இருக்கிற எனக்கு இந்த வார்த்தை தினமும் தேவைப்படுகிறது. எத்தனை வீட்டு மெடிக்கல் ரிப்போர்ட், எத்தனை கோர்ட் நோட்டீஸ், எத்தனை கடன் பத்திரம் என் கண்ணாடி மேல் கவிழ்ந்து போகிறது. அதையெல்லாம் வெளியே விட்டால் என் கடைக்கு யார் வருவார்கள்? இன்றைக்கு ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு இந்த விளக்கத்தை மனப்பாடம் கேட்டவர் யார் தெரியுமா? அதே பொருளாளர் ஐயாதான். பிள்ளைகள் சபை முன்னால் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடுகிற திடப்படுத்தலுக்கு முந்தின வாரம், ஒரு வார்த்தை தப்பினாலும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார்.

அச்சு வந்த காலத்திலும் இதே பாடுதான். 1517 அக்டோபர் 31-ஐ நாம் சீர்திருத்தத் திருநாளாகக் கொண்டாடுகிறோம். காசுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பதைக் கேள்வி கேட்ட அந்த 95 வாக்கியங்களை லூத்தர் லத்தீனில் எழுதியது படித்தவர்கள் கூடி விவாதிப்பதற்காக. அதை அவரைக் கேட்காமலே நியூரம்பர்க்கிலும் லைப்சிக்கிலும் பாசலிலும் அச்சடித்து விட்டார்கள். இரண்டே வாரத்தில் ஜெர்மனி முழுக்கப் பரவியது என்று அவரே பின்னாளில் எழுதினார். இப்படிப் பரவ வேண்டும் என்று தாம் நினைக்கவில்லை என்று 1518-ல் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதற்காக அச்சகத்தை மூடச் சொல்லவில்லை. அதே வருஷம் சாதாரண ஜனங்கள் படிக்கும்படி ஜெர்மன் பாஷையில், சின்னதாக, தெளிவாக, பாவமன்னிப்புச் சீட்டைப் பற்றி ஒரு பிரசங்கம் எழுதி அச்சுக்குக் கொடுத்தார். அரைகுறையாகப் போன இடமெல்லாம் முழுசாகவும் போகட்டும் என்று செய்தார். 1529-ல் சிறிய ஞானோபதேசம் முதலில் வெளிவந்ததும் சுவரில் ஒட்டுகிற தாள்களாகத்தான். குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்று தலைப்பிலேயே போட்டிருந்தது.

அவரும் தவறினார், அதை மறைக்கக் கூடாது. எட்டாம் கட்டளைக்கு இப்படி விளக்கம் எழுதிய அதே கை 1543-ல் யூதர்களுக்கு எதிராக எழுதியதைப் படித்தால் நெஞ்சு நடுங்கும். அது நானூறு வருஷம் தாண்டியும் கெடுதல் செய்தது. 1994-ல் அமெரிக்காவின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அதைப் பகிரங்கமாக மறுத்து, யூத ஜனங்களிடம் துக்கம் தெரிவித்தது. 451 வருஷம் கழித்து. எழுதியவரின் பெயரைச் சொல்லி, எல்லாரும் கேட்கும்படி. நமக்கு மூன்றே மாதம்தான் ஆகிறது.

இதைத் தனியாக வந்து சொல்லாமல் ஏன் திறந்த மடலாக எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். ஒளிவில் நடந்ததை ஒளிவில் பேச வேண்டும், எல்லார் முன்னாலும் நடந்ததை எல்லார் முன்னாலும் பேசலாம் என்று லூத்தரும் அதே இடத்தில் சொல்கிறார். நடந்தது 214 போன்களில் நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன். இதில் யார் பெயரும் இல்லை, யாரையும் நிறுத்திக் கேட்பதற்காகவும் எழுதவில்லை.

பூட்டு என்ன செய்தது என்று இப்போது பார்க்கிறேன். வாலிபர்கள் வேறு குழு ஒன்று தொடங்கி அதில் பேசுகிறார்கள். அதில் ஐயா நீங்கள் இல்லை, பெரியவர்கள் இல்லை, பொருளாளர் ஐயா இல்லவே இல்லை. 42 ஷீட் கதை அங்கே இன்னும் ஓடுகிறது, ரிட்டர்ன் பில்லைக் காட்டத்தான் அங்கே ஆள் கிடையாது. நின்றுபோனது பாட்டியம்மாவின் பாட்டு ஒன்றுதான்.

தயவுசெய்து குழுவைத் திறந்து விடுங்கள். பெரியவர்கள் அதை விட்டுப் போகாதீர்கள். திடப்படுத்தல் வகுப்பில் எட்டாம் கட்டளைக்கு வரும்போது பிள்ளைகள் போனைக் கையில் எடுக்கட்டும். தெரிந்தவர் ஒருவரைப் பற்றிக் கடைசியாக வந்த செய்தியைத் திறந்து, இதற்கு நல்ல அர்த்தம் என்னவாக இருக்கும் என்று அவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள். அந்த விளக்கத்தைப் பாட்டியம்மா தமிழில் சொல்லிப் பதிவு செய்து தந்தால், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கும் காது வழியாகப் போய்ச் சேரும். கேட்டேன், சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

ஜெபக் குறிப்பு போடும்போது சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். வியாதியின் பெயர் வேண்டாம், ஸ்கேன் போட்டோ வேண்டவே வேண்டாம். கர்த்தருக்குப் பெயர் தெரியும். வயசுப் பெண்கள் விஷயத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று மாதர் சங்கத்து அக்காமார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட நான் கேட்பது ஒன்றுதான். ஷீட்டை எண்ணியது ஆராதனையில். அதனால் ஆராதனையிலேயே, அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில், இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு சங்கச் செயலாளர் வாசிக்க வேண்டும். வாங்கியது 42, திருப்பியது 6, கூரையில் 36, கணக்கு சரி, தவறு நம்முடையது என்று. அதே வாசிப்பைக் குழுவிலும் போடுங்கள். போட்டோவை யார் யாருக்கு அனுப்பினோமோ அவரவருக்கு நாமே தேடி அனுப்புவோம். குவைத்துக்குப் போனது குவைத்துக்கும் போகட்டும். ஒவ்வொருவராகத்தான் அனுப்ப முடியும் என்றாலும் பரவாயில்லை, அப்படித்தானே முதலிலும் அனுப்பினோம்.

அதற்கு முன்னால் பொருளாளர் ஐயா வீட்டுக்குப் போக வேண்டும். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கடையை ஆறு மணிக்கே சாத்திவிட்டு நான் போகிறேன். போட்டோ போட்ட அண்ணனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதற்காக அவருக்கு என் நன்றி. ஐயா, நீங்களும் சங்கத்துப் பெரியவர்களும் வந்தால் அவர் கதவைத் திறப்பார் என்று நினைக்கிறேன். பால் சொசைட்டி தாண்டி அந்தச் சந்தில் விளக்கு எரிவதில்லை, டார்ச் கொண்டு வாருங்கள். கணக்கு நோட்டையும் சாவியையும் நான் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியன்,
ஜெராக்ஸ் கடைக்காரன்